பால் டேங்கர் ஆந்தை

என் அக்கா மகன் எழுபத்திரண்டு மணி நேரம் கண்ணை மூடாமல் பால் டேங்கர் ஓட்டி, கறந்த சூடு ஆறுவதற்குள் கொண்டுபோய் இறக்கிவிட்டு, பல் தேய்த்துக்கொண்டே அடுத்த லோடுக்கு ஏறினான் என்று பல பேரிடம் அளந்திருக்கிறேன். கறந்த சூடு என் கைச்சரக்கு. டேங்கரில் ஏறும்போதே பால் பல் கூசுகிற குளிர்ச்சியில்தான் இருக்கும். எழுபத்திரண்டும் கொஞ்சம் தாராளம். பல் தேய்த்தது சுத்தப் பொய், அந்த வாயைக் கிட்டத்தில் பார்த்தவள் நான். ஆனால் ஐம்பது மணி நேரம் நிஜம். அதைப் பெருமை என்று நினைத்துத்தான் போகிற வருகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தால் என் வாயைத்தான் தேய்த்துக் கழுவ வேண்டும் போலிருக்கிறது.

லாரி ஷெட்டில் அவனுக்கு ஆந்தை என்று பெயர். வைத்தவர்களுக்கு அவன் பூர்வகதை தெரியாது. அவனைப் போல் ஒரு தூங்குமூஞ்சி எங்கள் குடும்பத்தில் பிறந்ததில்லை. நான் அறிவியல் டீச்சராக இருந்த பள்ளியில்தான் படித்தான். என் வகுப்பில்தான் தூங்கினான். செரிமான மண்டலம் நடத்திய அன்று இரைப்பையில் கண்ணை மூடியவன், பெருங்குடலும் முடிந்து மணி அடித்தபிறகுதான் விழித்தான். அதற்கு முன்னால், சின்ன வகுப்பில் இருந்த காலத்தில், அவன் அம்மா வேலையிலிருந்து வர நேரமாகும் என்பதால் நான்தான் அவனைத் தோளில் போட்டு வீட்டுக்குத் தூக்கி வருவேன். எச்சில் ஒழுகி என் தோள்பட்டை நனைந்திருக்கும். அக்கா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டாள். அவன் எனக்கு மகன் மாதிரி என்று சொன்னால், மாதிரியை எடுத்துவிடலாம்.

அவனுக்குப் படிப்பு ஏறவில்லை. முதலில் ரொட்டி வேன் ஓட்டினான், பிறகு சிமெண்ட் லாரி, கடைசியில் பால் டேங்கர். பன்னிரண்டு சக்கரம். அதை ஊசியில் நூல் கோப்பது மாதிரி பின்பக்கமாகவே ஓட்டிக்கொண்டுபோய் நிறுத்துவான். கீழே நின்றால் கூட்டத்தில் கடைசி ஆள், யார் எது கேட்டாலும் காலைப் பார்த்துப் பதில் சொல்வான். மேலே ஏறி ஸ்டீயரிங்கைப் பிடித்துவிட்டால் முகமே வேறு. லைசென்ஸை மேல்சட்டைப் பையில் வைத்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்வான். அது இல்லாவிட்டால் அவன் யார் என்று அவனுக்கே தெரியாது.

அவன் மனைவி ஷெட்டுக்கு அடுத்த கடையில் லாரிகளுக்குச் சீட் உறை தைப்பவள். புது உறை போட வந்தவனிடம், பழைய சீட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "இடது பக்கமாவே சாஞ்சு உக்காருறீங்க, முதுகு வலிக்குமே" என்று கேட்டிருக்கிறாள். அவனிடம் அதுவரை யாரும் முதுகைப் பற்றி விசாரித்ததில்லை. மூன்றாம் மாதம் கல்யாணம். அவள் வாய் கத்தரிக்கோலைவிடக் கூர்மை. "ஒரு டிரைவரோட சீட்டைப் பிரிச்சா அவன் சரித்திரமே உள்ள இருக்கும் அத்தை" என்பாள். சிகரெட் ஓட்டை, காய்ந்த மீன்முள், மனைவிக்குத் தெரியாத கடிதம், எல்லாம் பார்த்திருக்கிறாள். கொஞ்ச நாளாக எந்தச் சீட்டைப் பிரித்தாலும் பஞ்சுக்கு நடுவில் மாத்திரை அட்டைதான் வருகிறது என்று சிரிப்பாள். மற்றவர்களுடைய சீட்டு என்பதால் சிரிப்பு வந்தது.

அந்த மாத்திரை எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். கிராமங்களில் சேரும் பாலை இரண்டு நாள் தூரத்தில் இருக்கும் ஆலைக்குக் கொண்டுபோக வேண்டும். ஆலை வாசலில் ஒருவர் நீளமான வெப்பமானியை டேங்கருக்குள் விட்டுப் பார்ப்பார். குளிர்ச்சி குறைந்திருந்தால் மொத்தப் பாலையும் திருப்பிவிடுவார்கள், அந்த டிரைவருக்கு அடுத்த மாதம் வண்டி கிடையாது. முன்பு வண்டிக்கு இரண்டு பேர். ஒருவர் ஓட்ட ஒருவர் தூங்குவார். கம்பெனி ஒருவரைக் குறைத்தது. தூரத்தைக் குறைக்கவில்லை.

இதற்கு ஷெட் மேனேஜர் ஒரு வழி வைத்திருந்தார். படிய வாரிய தலை, எப்போதும் வாயில் ஒரு புதினா மிட்டாய். டிரிப் ஷீட்டைக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும்போது மேசை இழுப்பறையைத் திறப்பார். ஒரு தண்ணீர் பாட்டில், கூடவே காகிதத்தில் மடித்த நாலு வெள்ளை மாத்திரை.

"வைட்டமின். உங்க உடம்புமேல கம்பெனிக்கு அக்கறை" என்பார்.

அந்த அக்கறையின் முகத்தில் காறித் துப்ப வேண்டும். அவர் பிள்ளைகள் அந்த வைட்டமினைச் சாப்பிட்டதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

நான் இதையெல்லாம் தெரிந்துகொண்டது ஒரு காலை வேளையில். பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் எனக்குக் கண் பரிசோதனை இருந்தது. "காலி வண்டிதான் சித்தி, ஏறுங்க, இறக்கிவிடுறேன்" என்றான். ஏணி மாதிரி மூன்று படி ஏறி உட்கார்ந்தேன். உட்கார்ந்த உடனே மூக்கு எழுந்து நின்றது. எரிந்த ஒயர் வாசனையோடு புளித்த வேர்வை. அவன் தாடை சும்மா இருக்கவில்லை. வாயில் எதுவும் இல்லாமலே மென்றுகொண்டிருந்தான். கன்னத்தின் உட்பக்கத்தைத்தான் மெல்கிறான் என்பது, ஜன்னல் வழியாக அவன் துப்பியதில் சிவப்பைப் பார்த்தபிறகு புரிந்தது. இடது முழங்கையைச் சொறிந்து சொறிந்து தோலைக் கிழித்து வைத்திருந்தான். அதில் ஈ உட்கார்ந்திருந்தது. அதை அவன் கவனிக்கவில்லை.

என் காலடியில் ஏழெட்டு பாட்டில் உருண்டுகொண்டிருந்தது.

"ஆப்பிள் ஜூஸா? இவ்வளவு வாங்கி வெச்சிருக்க" என்று ஒன்றை எடுத்தேன்.

"அதைத் திறக்காதீங்க சித்தி."

"ஏன், எனக்குக் கொடுக்க மாட்டியா?"

"அது ஜூஸ் இல்ல. நிறுத்தி இறங்குறதுக்கு எங்க நேரம்?"

பாட்டில் இளஞ்சூடாக இருந்தது. நான் அதைக் கீழே வைத்த வேகத்தை, கண் டாக்டர் பார்த்திருந்தால் கண்ணாடியே வேண்டாம் என்று அனுப்பியிருப்பார். அந்தப் பாட்டில்களுக்கு மூன்றடி பின்னால்தான் ஊர்க் குழந்தைகள் குடிக்கிற பால் போகிறது. அன்றிலிருந்து எனக்கு டீ கறுப்புதான்.

வழி முழுக்க மூச்சு விடாமல் பேசினான். தன் கல்யாணம், டயர் விலை, என் ரிட்டயர்மெண்ட், மறுபடியும் டயர். நடுநடுவே துணியை எடுத்து முன்கண்ணாடியை உள்பக்கமாகத் துடைத்தான்.

"என்னடா துடைக்கிற?"

"எறும்பு சித்தி. பாருங்க, எப்படி வரிசையா போகுதுன்னு."

என் கண்ணில் கோளாறு இருந்தது உண்மை. ஆனால் அந்தக் கண்ணாடியில் எறும்பு இல்லை. நான் இறங்கவேண்டிய இடம் வரும்வரை கைப்பிடியை விடவில்லை.

பரிசோதனை முடிந்து ஊர் திரும்பியதும், மருமகளிடம் சொல்ல நேராகக் கடைக்குப் போனேன். எறும்புக் கதையைத் தவிர வேறெதையும் சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை. அவன் வண்டியின் பழைய சீட்டைத் தரையில் போட்டு, மடியில் கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் வெள்ளி அட்டைகள் குவிந்திருந்தன. அட்டை வைப்பதற்கென்றே சீட்டின் அடியில் ஒரு பை இருந்தது. நல்ல தையல்.

"இந்தப் பையை யார் தைச்சது தெரியுமா அத்தை? நான்தான். டிரிப் ஷீட் பறந்துபோகுது, ஒரு பை வெச்சுக் கொடுன்னு கேட்டாரு. ஓரத்துல பூவேலை வேற போட்டேன்."

அன்று சாயங்காலம் அவன் வந்ததும் அவள் ஒரு வார்த்தை கத்தவில்லை. அட்டைகளை எடுத்து அவன் சாப்பாட்டுத் தட்டில் வைத்தாள்.

"இதைத்தானே சாப்பிடுறீங்க. சாப்பிடுங்க."

"நீ பெரிய டாக்டர். இது வைட்டமின்."

"அப்ப எனக்கும் ரெண்டு கொடுங்க. நானும் ரெண்டு நாளைக்குக் கண்ணைத் திறந்துக்கிட்டே எறும்பு தொடைக்கிறேன்."

"வண்டி ஓட்டினாத் தெரியும் உனக்கு."

"ஓட்டுறவன் தூங்கினா வண்டி நிக்கும். தூங்காம இருந்தா யாருமேல நிக்கும்னு தெரியாது. முடிஞ்சுதா?"

அவன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான். மறுநாள் வந்து, நிறுத்துகிறேன் என்று என் தலைமேல் கை வைக்காத குறையாகச் சத்தியம் செய்தான். அதற்கு அடுத்த லோடுக்கே இழுப்பறை திறந்தது.

அந்தச் சமயத்தில் வேறொரு கம்பெனியின் இரண்டு டேங்கர்கள் குடை சாய்ந்ததால், இன்சூரன்ஸ்காரர்கள் ஒரு நிபந்தனை போட்டார்கள். மாதம் ஒருமுறை எல்லா டிரைவரும் சின்னக் கப்பில் சிறுநீர் பிடித்துக் கொடுக்க வேண்டும். அதில் ஒரு காகிதக் குச்சியை நனைத்தால் மாத்திரை போட்டவன் யார் என்று தெரிந்துவிடும். கப்பின் வெளியே சூடு காட்டுகிற பட்டை ஒன்று ஒட்டியிருக்கும். உடம்புச் சூட்டில் இல்லாவிட்டால் செல்லாது.

ஒரு டிரைவராவது மாத்திரையை விட்டானா என்று கேட்காதீர்கள். மற்றவர்களுடைய சிறுநீரைத் தேடினார்கள். வாட்ச்மேன், டயர் பஞ்சர் ஒட்டுகிறவர், யாருடைய மாமனாரோ, இப்படி மாத்திரை போடாத ஆளுக்கெல்லாம் திடீரென்று மரியாதை வந்தது. வாங்கிவந்த பாட்டிலைச் சூடு குறையாமல் வைக்க இன்ஜின் மேல் ஒரு மேடு உண்டு, அங்கே வைப்பார்கள். மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைச் சூடு பண்ணுவதும் அதே மேட்டில்தான். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒருவர் அவசரத்தில் மாற்றித் திறந்துவிட்டார் என்று ஒரு கதை சொல்வேன்; அதில் பாதி என்னுடையது, மீதிப் பாதியை நினைத்தாலே எனக்குக் குமட்டும். சோதனை நாளில் மேனேஜர் கழிப்பறைக் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மிட்டாய் மெல்லுவார். மாத்திரையைக் கொடுத்தவரே சோதனைக்குக் காவல்.

எங்கள் ஆந்தை முதலில் மனைவியிடம்தான் கேட்டிருக்கிறான்.

"தர மாட்டேன்" என்றாள் அவள்.

"லைசென்ஸ் போயிடும்டி."

"போகட்டும். என் ஒண்ணுக்கை ஊத்தி உங்களை ஸ்டீயரிங்ல உக்கார வைக்க மாட்டேன். நாளைக்கு யாராவது அடிபட்டா அதுல என் பங்கும் இருக்கும்."

முதல் இரண்டு மாதச் சோதனையை அவன் எப்படிச் சமாளித்தானோ, யாரைப் பிடித்தானோ. ஷெட்டில் அதற்கு ஆளா இல்லை.

மூன்றாம் மாதம், காலை பத்தரை மணிக்கு, நல்ல வெயிலில், தபால் நிலையத்து முனையில் அவன் முன்னால் ஒரு மாட்டு மந்தை வந்தது. நாற்பது மாடு இருக்கும் என்று பிற்பாடு சொன்னான். மடி வற்றிய மாடுகள், பாலைத் திருப்பிக் கேட்க வந்த மாதிரி ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றதாம். அந்த ஊரில் ரோட்டில் மாடு வராது. இல்லாத மாட்டைக் காப்பாற்ற வண்டியை ஒடித்தான். ஓரத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போன தபால்காரர் இருந்தார்.

டேங்கர் மதில்மேல் மோதி வால்வு உடைந்தது. பால் ரோடு முழுக்க ஓடியது. கடிதங்கள் மிதந்தன. தபால்காரர் அதற்கு நடுவில் இடுப்பு நொறுங்கிக் கிடந்தார். கண், காது, வாய் எல்லாம் பால். சாக்கடை ஓரத்தில் நாய்கள் நக்கிக்கொண்டிருந்தன. சில மனிதர்கள் வாளியோடு வந்தார்கள், அதை மட்டும் நான் கூட்டிச் சொல்லவில்லை. அவரைத் தாண்டிக் கால் வைத்துப் பாலை மொண்டார்கள்.

பிரேக் பிடிக்கவில்லை என்று மேனேஜர் போலீஸில் எழுத வைத்தார். இன்சூரன்ஸ்காரர்கள் தலையாட்டினார்கள், ஆனால் மறுநாள் காலை பட்டணத்து லேப்பில் டிரைவருடைய சிறுநீர் வேண்டும் என்றார்கள்.

அன்று மத்தியானம் அவன் என் சமையலறை வாசலில் வந்து நின்றான். சட்டையில் காய்ந்த பால். வீடே புளித்த வாடை அடித்தது.

"சித்தி, நீங்கதான்."

"அந்த மனுஷன் எப்படி இருக்காரு?"

"ஆஸ்பத்திரியில. உசுரு இருக்கு." மேல்சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். "இது போயிட்டா நான் யாரு சித்தி? கீழ நின்னு என்ன பண்ணுவேன்?"

"தூங்கு. அதுலதான் நீ கெட்டிக்காரன்."

அவன் சிரிக்கவில்லை. கீழ் உதடு நடுங்கியது. அழுகையா மாத்திரையா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அந்த வாயிலிருந்து அடித்த நாற்றத்தில் ஒரு நிமிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். திருப்பிக்கொண்டது எனக்கே தாங்கவில்லை. என் தோளில் எச்சில் ஒழுக்கிய வாய் அது. நான் ஒரு பழைய இருமல் மருந்துப் பாட்டிலை எடுத்துக் கழுவினேன். முப்பது வருடம் குழந்தைகளுக்குச் சிறுநீரகம் நடத்திய கையால், மூடியைத் திருகிக் கொடுத்தேன். அந்த ஒரு தடவை, அறிவு கெட்டுப்போய், பாசத்துக்காகச் செய்தேன்.

அதில் என் அறிவு எவ்வளவு கெட்டிருந்தது என்பதுதான் வேடிக்கை. எனக்குச் சர்க்கரை உண்டு. வீட்டில் யாருக்கும் தெரியாது; தெரிந்தால் அலமாரியில் இருக்கும் பிஸ்கட் டப்பாவுக்குப் பூட்டு வந்துவிடும். மாத்திரையைத் தேடுகிறவர்கள் சர்க்கரையை ஏன் தேடப்போகிறார்கள் என்று நினைத்தேன். ஷெட்டில்தான் ஒரே ஒரு குச்சி. பட்டணத்து லேப்பில் எல்லாவற்றையும் பார்ப்பார்கள்.

லேப் டாக்டர் தாளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார்.

"மாத்திரை எதுவும் இல்ல. ஆனா உனக்கு இருக்கிற சர்க்கரைக்கு நீ நடந்து வந்ததே பெருசு. எவ்வளவு நாளா இருக்கு?"

"பால் வண்டி டாக்டர்" என்றானாம் இவன். வேறு என்ன சொல்வது என்று தெரியாமல்.

"பாலை ஓட்டினா சர்க்கரை வராது. கையை நீட்டு."

ரத்தத்தில் பொய் ஊற்ற முடியாது. எடுத்த ரத்தத்தில் சர்க்கரை ஒரு துளி கூடுதலாக இல்லை. வெள்ளை மாத்திரை மட்டும் நிறைய இருந்தது. டாக்டர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அத்தோடு முடிந்தது. வழக்கு நடந்தது, கொஞ்ச காலம் உள்ளே இருந்தான், லைசென்ஸ் திரும்பக் கிடைக்காது என்று எழுதிவிட்டார்கள்.

வெளியே வந்து பதினோரு நாள் தொடர்ந்து தூங்கினான். இப்போது மனைவியின் கடையில் பழைய சீட்டுகளைப் பிரித்துப் போடுகிறான். கடைவாய்ப் பற்கள் ஐந்து இல்லை. அட்டை கிடைத்தால் அதைத் தொடாமல் அவளைக் கூப்பிடுகிறான். தொட்டால் என்ன ஆகும் என்று அவனுக்கே பயம். மேனேஜர் அதே மேசையில்தான் இருக்கிறார். இழுப்பறையும் இருக்கிறது. போன வாரம் பிரித்த மூன்று சீட்டில் இரண்டில் அட்டை இருந்தது. தபால்காரர் இரண்டு கோலை ஊன்றிக்கொண்டு வாசல்வரை வருகிறார். இவன் பார்க்கப் போனபோது அவர் மனைவி கதவைத் திறந்து, யாரென்று பார்த்து, சாத்திவிட்டாள். அவள் செய்தது சரி.

இதை எழுதி முடித்ததும் கடையில் உட்கார்ந்து இரண்டு பேருக்கும் படித்துக் காட்டினேன். அவன் கடைசிவரை தலையைத் தூக்கவில்லை. மருமகள் தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு அத்தை. பதினோரு நாள் தூங்கினாருன்னு இருக்கு, நாலு நாள்தான். அது போகட்டும். பாட்டில் கொடுத்தது ஒரு தடவைன்னு எழுதியிருக்கீங்களே."

"ஆமா."

"மூணு தடவை. இவரு என்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டாரு. மொத மாசம் நான் தர மாட்டேன்னு சொன்ன அன்னிக்கே உங்க வீட்டுக்குத்தான் வந்தாரு, கொடுத்தீங்க. ரெண்டாவது மாசமும் கொடுத்தீங்க. அதுக்கு அப்புறம்தான் தபால்காரர் விழுந்தாரு. மூணாவதுதான் நீங்க எழுதியிருக்கிறது. அந்த ரெண்டையும் சேர்த்து எழுதுங்க."